பக்கத்துக் கட்டில்

செப்டம்பர் 23, செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார். அதைப் பற்றிக் கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. ஹாஸ்டலிலிருந்து அக்கா திடீரென்று வந்திருக்கிறாள்.

அவள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம். படிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பிட அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு டீம் வருகிறதாம். காலேஜோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் கட்டில்கள் இருக்கின்றன, நோயாளிகள்தான் இல்லை. அதனால் ஒவ்வொரு மாணவியும் ஆள் கூட்டிவர வேண்டும்.

"சும்மா படுத்துக்கினு இருந்தா போதும்டி பிரியா. அங்கீகாரம் போச்சுன்னா என் ரெண்டு வருஷமும் மண்ணு."

அம்மா யோசிக்கவே இல்லை. "அப்பாகிட்ட மட்டும் சொல்லாத. மனுஷன் கத்துவாரு."

படுத்திருப்பதில் என்ன பயம்?

செப்டம்பர் 28, ஞாயிறு

எனக்கு டைபாய்டு. எப்போது காய்ச்சல் ஏறும், நாக்கு எப்படி இருக்கும், எல்லாம் மனப்பாடம். அம்மா சிரித்தாள். "சயின்ஸை இப்படிப் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்ப."

அக்கா சிரிக்கவில்லை. "நாங்க பொம்மையை வெச்சுத்தான் எல்லாம் கத்துக்கிட்டோம். நீ ஒழுங்கா சொன்னாதான் நான் ஒழுங்கா பதில் சொல்ல முடியும்."

செப்டம்பர் 29, திங்கள்

அக்கா தூங்கிவிட்டாள், அல்லது அப்படிக் கிடக்கிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

காலையில் காலேஜ் பஸ் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்தது. நல்ல புடவை, தலை நிறையப் பூ. ஒரு மேடம் கட்டில் கட்டிலாகப் பூவைப் பிடுங்கிக்கொண்டே போனார். "கனகாம்பரம் வெச்சுக்கினு எந்த நோயாளியாவது படுப்பாங்களா?" வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கலியம்மாள் என்ற அம்மா. முந்திரி உடைக்கிறவர், விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"எனக்கு நெஞ்சு வலியாம் பாப்பா. உனக்கு?"

"டைபாய்டு."

"பரவால்ல, உனக்குச் சின்னதாக் குடுத்திருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பாப்பா, யாரையாச்சும் கூப்புடு. மெய்யாலுமே ஒரு மாதிரி வருது."

அந்தப் பக்கம் போன மாணவியைக் கூப்பிட்டேன். அவள் சிரித்தாள். "யக்கா, டீம் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?"

டீம் வந்தது. பெரிய மேடம் ஒருவர் என்ன செய்கிறது என்று கேட்டார். "அடைக்குதும்மா, காப்பாத்துங்க" என்றார் கலியம்மாள். அந்த மேடம் அக்காவிடம் திரும்பி, இந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய் என்றார். ஆக்ஸிஜன், ஈசிஜி, டாக்டருக்குத் தகவல் — அக்கா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "வெரி குட்" என்று சொல்லிவிட்டு என் கட்டிலுக்கு வந்தார்கள். அக்கா சொன்னதில் ஒன்றைக்கூட யாரும் செய்யவில்லை.

அக்காவின் கோட்டை இழுத்தேன். "அக்கா, அவங்க நடிக்கல." என் தொடையில் கிள்ளினாள். கிள்ளுவதற்கு முன்னால் அந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள். பார்த்தாள். எனக்குத் தெரியும்.

சாயங்காலம் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து பஸ் ஏற்றினார்கள். கலியம்மாளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். அவர் பொட்டலம் வாங்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அப்பா பைக்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் போன் வந்தது. அன்றைக்கு பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள்ளேயே கலியம்மாள் செத்துப்போய்விட்டாராம்.

அக்கா பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்து என் கையைப் பிடித்து முறுக்கினாள். "நீ அங்க வரவே இல்ல. புரியுதா?"

அக்டோபர் 4, சனி

அக்கா ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை, வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போய்வருகிறாள். கண்ணை மூடினால் பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார்கள். அக்காதான். அக்காதானே?

அக்டோபர் 7, செவ்வாய்

காலேஜ் ஆபீஸ் மேனேஜர் சக்கரபாணி வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். ஹாலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்தார்.

"எவனோ ஒருத்தன், என் பொண்டாட்டி இங்கதான் படுத்திருந்தான்னு கேட்டாண்ட நின்னுக்கினு கத்துறான். அப்படி யாருமே வரலியே. இல்லம்மா வளர்மதி?"

"ஆமாங்க சார்" என்றாள் அக்கா.

அப்பாவிடம், "மைன்ஸ்ல பர்மனன்ட்டா அண்ணே? நல்லது. பொண்ணுக்கும் அப்படி ஒண்ணு அமையணும்ல?" பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா ஸ்கூலுக்கு எப்படிப் போவுது?"

"சைக்கிள்லதாங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா ஏன் சொன்னாய்?

"பாத்துப் போவணும் கண்ணு. லாரிங்கல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருது."

அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "நல்ல மனுஷனா இருக்காரே."

அக்டோபர் 15, புதன்

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி சிறப்பு என்று எழுதியிருக்கிறார்களாம். அடுத்த வருடம் சீட்டும் கூடுதல்.

"அந்த அம்மாவைக் காப்பாத்தியிருக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பதில் எல்லாம் தெரிஞ்சுதுடி. கை வரல."

கூடுதல் சீட்டில் வருகிறவர்களுக்கும் கை வராதே?

அக்டோபர் 23, வியாழன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல டீ ஆறிப்போனது. கத்துவார் என்றுதானே அம்மா சொன்னாள்? கத்தவே இல்லை. "அந்த அம்மா வூடு எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டார்.

அக்கா என்னை அறைந்தாள். "என் வாழ்க்கையையே அழிச்சிட்டியேடி பாவி."

அக்டோபர் 25, சனி

கலியம்மாளின் வீட்டுக்காரரும் அப்பாவும் சென்னைக்குப் போய், அங்கீகாரம் கொடுக்கிற ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் ரோட்டில் ஒரு பைக் மெதுவாகப் போகிறது. மறுபடி வருகிறது. நம்பர் பிளேட்டில் சேறு.

நவம்பர் 12, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு டீம் காலேஜுக்கு வந்ததாம். வார்டு முழுக்க வெறும் கட்டில். போன தடவை இதில் படுத்திருந்தது யார் என்று மாணவிகளை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்களாம். "படுத்திருந்தவங்கல்ல என் தங்கச்சியும் ஒருத்தி" என்று அக்கா சொன்னாளாம்.

அம்மாதான் எனக்குச் சொன்னாள். அக்கா என்னோடு பேசுவதில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அக்காவைக் கடலூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். காலேஜில் புது ஆள் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. இருக்கிற மாணவிகள் பெரிய ஆஸ்பத்திரியில் நிஜ நோயாளிகளோடு இன்னும் ஒரு வருடம் வேலை கற்றுக்கொண்டால்தான் பட்டம். அவளோடு படிப்பவர்கள் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்டாண்டில் என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"பிரியா! அப்பா நைட் ஷிஃப்ட் போனா கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கினு படுங்கடி."

இன்று அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். எழுந்து போய் மறுபடி பார்த்தேன். அம்மாவும் எழுந்து வந்து பார்த்தாள்.