உடைத்துப் பார்த்த சொல்

அன்புத் தம்பிக்கு,

போனில் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால் உன் மகள் வித்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ இப்போது குடிக்கும் மருந்துப் பாட்டிலில் இருக்கும் ‘சர்வரோக நிவாரணி’ என்பதற்கு அர்த்தம் கேட்டிருந்தாய். குடிக்கலாம், தடவலாம் என்று போட்டிருந்ததால் நானும் அதை வாங்கி முழங்காலில் தடவினேன். வலி போகவில்லை, அதன் வாசத்துக்குத் தெருப்பூனை மட்டும் பின்னாலேயே வருகிறது. உன் மாமா வழுக்கையில் தேய்க்கிறார். அந்த மைதானத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

நான் மஞ்சள் மண்டிக்காரி. மூட்டைமேல் என்ன எழுதியிருந்தாலும், ஒரு மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்த்துத்தான் விலை பேசுவேன். இந்தச் சொல்லையும் உடைத்தேன். வடமொழியிலிருந்து வந்தது. சர்வம் என்றால் எல்லாம், ரோகம் என்றால் நோய், நிவாரணி என்றால் போக்குவது.

மாமா கேட்டார்: “ஏம்புள்ள, இதுல அவனோட கிட்னி எந்தத் துண்டுல இருக்குது?”

தேடிப் பார்த்தேன். இல்லை சாமி.

எல்லா நோயும் போகும் என்று விற்றவன் உன் நோய் என்னவென்று கேட்கவே இல்லை. அந்தப் பாட்டிலை நம்பி நீ டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டதும், அங்கிருக்கும் நர்ஸ்தான் வித்யாவைக் கூப்பிட்டு, “அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்குதா கண்ணு?” என்று கேட்டாளாம்.

வீங்கியிருக்கிறது, செருப்புகூட நுழையவில்லை என்று வித்யா சொல்லி அழுதாள்.

நாளை காலை காரில் வருகிறேன். மாமாவின் பெரிய செருப்பைக் கொண்டு வருகிறேன். பேசாமல் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறு.

உன் அக்கா