பெயரை மட்டும் வாசிக்காதே

ஹனோவர்
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மகன் நிதுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதுக்குத்தான் ஒரு கிழமையாகச் சுகமில்லை. நீ அந்த மழைக்குள்ளும் காற்றுக்குள்ளும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய், சிரி. இது போனில் கதைக்கிற விசயம் இல்லை, வாட்சப்பில் எழுதுகிற விசயமும் இல்லை, தபாலில் போடவும் எனக்குத் துணிவில்லை. மரியரட்ணம் அண்ணை மகளைப் பார்க்க அயர்லாந்துக்கு வருகிறார் என்று அறிந்து, பயற்றம் பணியாரப் பெட்டிக்குள் வைத்து அவருடைய கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த மனிதனுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்திருப்பாய் என்று எழுத்துகளைப் பெரிதாக, ஒன்றோடொன்று முட்டாமல் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி, ஆனால் கடைசிவரை வாசி.

வீட்டுப் புதினம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் நோவுக்கு ஒருவழியாக டொக்டரின் டெர்மின் கிடைத்தது, அதுவும் வருகிற மாதக் கடைசியில்தான், அதுவரைக்கும் படி ஏறும்போது முனகிக்கொண்டே ஏறுகிறார். தங்கச்சி கம்சனா பல் வைத்தியரிடம் வேலை பழகுகிற அவுஸ்பில்டுங் இந்தக் கோடையோடு முடிகிறது, அந்தப் பல் வைத்தியரே அவளை வேலைக்கு வைத்திருக்கப்போகிறாராம். திங்கட்கிழமை உனக்குப் போன் எடுத்தேனே, நினைவிருக்கிறதா? குழந்தைக்குக் காய்ச்சல் போலக் கிடக்கு, கொஞ்ச நாளைக்கு வெளியே கொண்டுபோகாதே என்று நான் சொல்ல, எந்தக் குழந்தை அம்மா, ஆருக்குப் பிள்ளை பிறந்தது என்று கேட்டாய். அடேய், குழந்தை என்றால் உன்னுடைய றேடியோ, காய்ச்சல் என்றால் ஆபத்து! சண்டைக் காலத்தில் ஊருக்குப் போன் எடுத்தால் நாங்கள் இப்படித்தான் கதைப்போம், ஷெல் விழுந்தால் மழை என்போம், பெடியளைப் பிடித்துக்கொண்டு போனால் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டான் என்போம். இதெல்லாம் விளங்காமல் நீ வளர்ந்தது நல்லதுதான், ஆனாலும் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சரியான பயமாக இருக்கிறது. ஞாயிறு காலையில் சிற்றலையில் உன் குரல் வரும்போது அப்பா தேத்தண்ணியைக் குடிக்க மறந்து கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். அந்த இரைச்சலுக்குள்ளால் வணக்கம், நான் உங்கட கொக்கு அண்ணா என்று நீ சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும், அதை நான் மறைக்கப்போவதில்லை. கொக்கு என்று பெயர் வைத்தாயே, உன்னுடைய காலுக்குப் பொருத்தம்தான். உரிமம் இல்லாமல் யாரோ ஒரு சிநேகிதனின் மாட்டுக் கொட்டிலுக்குள் ஒலிபரப்புக் கருவியைப் பூட்டிவைத்துக்கொண்டு நீ கதைக்கிறாய் என்பதே என் பாதி உயிரை எடுக்கும். எங்களுடைய ஊரில் ஒரு வோக்கிடோக்கி வைத்திருந்தான் என்று கொண்டுபோன பிள்ளைகள் திரும்பி வந்ததில்லை. அங்கே பிடித்தால் கருவியைப் பறிப்பாங்கள், தண்டம் கட்டச் சொல்லுவாங்கள், ஆளை விழுங்கமாட்டாங்கள் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லி என்னை ஒருமாதிரித் தேற்றி வைத்திருந்தார். ஆனால் போன ஞாயிறு நீ பெயர் வாசித்தாய். பாட்டுக் கேட்டவர்கள் தேவமலர், அவருடைய சின்ன மகள் மிதுசா என்று முழுப்பெயரும் வாசித்து, இன்ன ஊரில், அகதிகளுக்குக் கொடுத்த பழைய ஹோட்டலில், மேல்மாடியில் இருந்து கேட்கிறார்கள் என்றும் சொன்னாய். சொன்னதோடு விட்டாயா, அதையே இங்கிலீசிலும் திருப்பிச் சொன்னாய். அந்த ஊரின் பெயரை நான் இந்தக் கடிதத்தில்கூட எழுதமாட்டேன். மூன்று நாள் கழியவில்லை, அயர்லாந்தில் வேறொரு இடத்தில் அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்த கட்டிடம் ஒன்று எரிகிற வீடியோவைக் கம்சனா கொண்டுவந்து காட்டினாள். அதே ஊர் இல்லை, பக்கத்து ஊரும் இல்லை, உள்ளே ஒரு சனமும் இருக்கவில்லையாம். அந்தத் தாயையும் பிள்ளையையும் நான் கண்டதே இல்லை, ஆனால் அந்த மேல்மாடி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தானே அம்மா ஐரிஷ்காரன்ர கள்ள றேடியோவுக்கு எழுதிப் போட்டனீங்கள் என்பாய். ஓம், போட்டேன்தான். சின்ன வயதில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னைப் படுத்தாத பாடில்லை, நானும் அதில் சிரிக்கிற பக்கத்தை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். 1986ஆம் ஆண்டு, ஹனோவருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அகதி விடுதியில் நானும் கமலநாயகி அக்காவும் ஒரே அறையில் இருந்தோம். வேலை செய்ய விடமாட்டார்கள், மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் ஏலாது, அகதி அன்ராக் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வருமட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பழைய சாமான் சந்தையில் வாங்கிய றேடியோ ஒன்று இருந்தது, லண்டன் தமிழ்ச் செய்தி பிடிபடுமா என்று நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு காலை, அந்தக் கீச்சுச் சத்தங்களுக்கு நடுவில் ஒரு ஐரிஷ்காரன் இங்கிலீசில், வேலிக்கு அங்கால் நின்று அயலட்டையோடு கதைப்பது போலக் கதைத்துக்கொண்டிருந்தான். இருமினான், இசைத்தட்டை மாறிப் போட்டுவிட்டுச் சிரித்தான், பின்னால் ஒரு நாய் குரைத்தது. அரசாங்க றேடியோவைக் கேட்டு வளர்ந்தவள் நான், அறிவிப்பாளருக்கும் இருமல் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அனுமதி இல்லை, எந்த நேரமும் வந்து பூட்டுவார்கள், பூட்டும்வரைக்கும் கேளுங்கள் என்றான். நான் பயந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தேன், குறைத்துவிட்டு இன்னும் கிட்டப் போய்க் காதை வைத்தேன். மாரிகாலத்து இருட்டில் அவன் போட்ட வயலின் பாட்டும் அவனுடைய சிரிப்பும் வந்து சேர்ந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பிறகு அவன் றேடியோவில் சொன்ன விலாசத்துக்கு ஒரு தபாலட்டை எழுதினேன். றேடியோவுக்கு எழுதுவதென்றால் எங்களுக்கு ஒரே முறைதான் தெரியும், முதலில் பாட்டு, பிறகு விரும்பிக் கேட்பவர்கள் என்று போட்டு வீட்டில் உள்ளவர், அயலில் உள்ளவர் எல்லாருடைய பெயரும் ஊரும். அப்படியே விடுதியில் இருந்த எங்கள் அத்தனை பேரின் பெயரையும், சொந்த ஊரையும், கடைசியில் விடுதியின் விலாசத்தையும் இங்கிலீசில் நுணுக்கி எழுதினேன். கப்பலேறிப் போகிற பாட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிறவர்கள் பாடுகிற பாட்டாகப் போடுங்கோ என்றும் கேட்டிருந்தேன். சில கிழமை கழித்து அந்த மனிதன் வாசித்தானே ஒரு வாசிப்பு! பரராசசிங்கம் என்ற பெயரைக் கல்லுள்ள சோறு மாதிரி மென்று மென்று வாசித்தான். அறை நிறையச் சனம், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்த இடத்தில் நான் எப்போதும் கதையை முடித்துவிடுவேன். பிறகு நடந்தது என்னவென்றால், பரராசசிங்கம் அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளை, இது எங்கையெல்லாம் கேக்கும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. கொழும்புக்குக் கேக்குமோ என்றார். யன்னலடியில் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு இளந்தாரி என்னைப் பார்த்து, உமக்கு விசரே, ஊர்ப்பேரையும் எழுதினீரே என்று கத்தினார். உன் அப்பா என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். மூன்றாம் நாள் விடுதிக்கு முன்னால் மஞ்சள் நிறத் தபால் வாகனம் ஒன்று வந்து நின்று கனநேரம் போகாமல் இருந்தது. அந்தக் காலத்தில் கள்ள றேடியோ பிடிப்பதும் தபால்காரர் வேலைதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நாங்கள் றேடியோவை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். கடைசியில் அந்த மனிதன் இருந்து பாண் சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆனால் பரராசசிங்கம் அண்ணை தன் அகதி விசாரணை முடியும்வரைக்கும் சப்பாத்தைக் கழற்றாமல்தான் படுத்தார். ஊரில் அவருக்கு இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஐரிஷ்காரன் ஒருநாளும் தன் சொந்தப் பெயரைச் சொன்னதில்லை, தன்னைக் கப்டன் என்றுதான் சொல்வான். தன் பெயரை மூடிக்கொண்டு எங்கள் எல்லாருடைய பெயரையும் காற்றில் விட்டான், பாவம், நல்ல மனதோடுதான் விட்டான். நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய், கொக்கு அண்ணா.

எங்களுக்கு அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதை வைத்து நீ கணக்குப் போடாதே. ஆறு வருடம் கழித்து நீ என் வயிற்றில் இருந்தபோது, இந்த நாட்டில் வெளிநாட்டுச் சனம் இருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அப்பா வாசல் மணியில் ஒட்டியிருந்த எங்கள் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்தார், இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவடியில் வைத்தார், உன்னுடைய தொட்டிலைத் தெருப்பக்கத்து அறையில் போட விடவில்லை. பெயர் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் கடிதம் போடமாட்டார், என் அம்மா ஊரில் இருந்து எழுதியவை எல்லாம் திரும்பிப் போயின. எல்லாருடைய மணியிலும் பேர் இருக்கு, எங்கட மணியில் மட்டும் ஏன் இல்லை என்று நாலு வயதில் நீ கேட்டாய், மழையில் கழன்று விழுந்துவிட்டது என்றார் அப்பா. தேவமலரின் கதவில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, நீ அதை வானத்தில் ஒட்டிவிட்டாய் மகன். நல்லவனும் கேட்பான், கெட்டவனும் கேட்பான், அந்தக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு உனக்கு ஆளைத் தெரியுமா?

இனிமேல் பெயரே வாசிக்காதே என்று எழுதத்தான் இருந்தேன். அவையள் பாட்டுக் கேக்க இல்லை அம்மா, தங்கட பேரைக் கேக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்துக்கொண்டு இருக்கினம் என்று முன்பொருநாள் சொன்னாயே, அது வந்து கையைப் பிடித்தது. அது உண்மைதான். விடுதியில் அந்தப் பயத்துக்குள்ளும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கமலநாயகி அக்கா மெல்ல என்னிடம், அவர் திரும்ப வாசிப்பாரோ என்று கேட்டா. இந்த நாட்டுக்கு வந்தபிறகு தன் பெயரை ஊரோடு சேர்த்து ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தரம் என்றா. அதனால் நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இனி யார் பாட்டுக் கேட்டாலும், கேட்டது நான் என்று சொல். தேவமலர் கேட்டாலும் நான்தான், மிதுசாக் குட்டி கேட்டாலும் நான்தான், நாளைக்கு எந்த விடுதியில் இருந்து எந்தப் பிள்ளை கேட்டாலும் நான்தான். அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவை, இந்த மனுசியின் பெயர் வரும்போது அது உங்களுடைய பெயர் என்று. ஆரப்பா இந்த விசரி, எல்லாப் பாட்டையும் இவளே கேட்கிறாள் என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது, என்னைக் கொண்டுபோய் யாரும் என்ன செய்யப்போகிறார்கள். பயம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நான் நாற்பது வருசம் பயந்து பழகினவள், அந்தச் சின்னப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். நான் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உமக்கு விசரே என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, என்ர பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லும் என்றார்.

ஞாயிறு வரைக்கும் பார்த்திருக்காதே, கடிதம் கண்ட அன்றைக்கே தேவமலரோடு கதை, கதவைப் பூட்டிப் படுக்கச் சொல், போன கிழமை நிகழ்ச்சியை எங்கேயாவது பதிவாக ஏற்றியிருந்தால் அழித்துவிடு. கழுத்துக்குச் சால்வை கட்டாமல் கொட்டிலுக்குள் இருக்காதே, போன ஞாயிறு உன் தொண்டை அடைத்திருந்தது. பணியாரத்தில் பாதியை அந்தச் சிநேகிதனுக்குக் கொடு. முருகன் உன்னோடும் அந்தத் தாய் பிள்ளையோடும் துணை நிற்கட்டும், நீ நீடூழி வாழவேண்டும் என்று நானும் அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். கீழே விபரத்தை வடிவாக எழுதியிருக்கிறேன், றேடியோவில் ஒன்றையும் விடாமல் வாசி.

இப்படிக்கு
உன் அம்மா,
சந்திரகாந்தி தவராசா,
ஹனோவர்,
மூன்றாம் மாடி, தெருப்பக்கத்து வீடு.