பந்தயத்தில் ஓடிய ஆடுகள்

கோவில்பட்டி,
12.4.2026

அன்புள்ள இசக்கிசெல்வி அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் நலத்தையும், கோயம்புத்தூரில் வெயில் கொஞ்சமாவது இரக்கம் காட்டுகிறதா என்பதையும் அறிய ஆவல்.

என் பெயர் பூவனலிங்கம். உங்கள் அம்மா மாதாமாதம் உங்களுக்கு அனுப்பும் கம்பு மாவுப் பார்சலுக்கு முத்திரை குத்துகிற போஸ்ட்மாஸ்டர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா உமாதேவியும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. "எம் மக சரின்னு சொன்னாத்தான். இல்லன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுருவோம்" என்று உங்கள் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்கள். என் பெயரை எடுத்தாலே நீங்கள் போனை வைத்துவிடுவதாகவும் சொன்னார்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

மே தினம் வெள்ளிக்கிழமை வருகிறது. மூன்று நாள் விடுமுறை. வெள்ளி காலை உங்கள் ஊர்ப் பொத்தையில் ஏறிவிட்டு வருவோம். சனிக்கிழமை அதே மலையில் இளைஞர் மன்றம் ஓட்டப் பந்தயம் வைத்திருக்கிறது. ஞாயிறு என் சொந்த ஊரான வேம்பாரில், பாய் விரித்த வள்ளத்தில் கடலுக்குள் ஒரு சுற்று. வாருங்கள். என்னைப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பூவனலிங்கம்


கோயம்புத்தூர்,
18.4.2026

போஸ்ட்மாஸ்டர் சாருக்கு,

கடிதத்தைத் துண்டிக்க முடியாதுதான். கிழிக்க முடியும். ஏனோ கிழிக்கவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயது. 'நீங்கள்', 'அவர்களுக்கு' என்று எழுதினால் மின்வாரிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'நீ' என்றே எழுதுங்கள்.

அப்பா இறந்து ஒன்பது வருஷம். அம்மா, நான், சீனி மாமா மூன்று பேருமாகத்தான் ஆடுகளையும் வீட்டையும் இவ்வளவு தூரம் கொண்டுவந்தோம். இதில் நாலாவது ஆள் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் இங்கே நான் வாராவாரம் மலை ஓட்டம் பழகுகிறேன். நம் பொத்தையில் பந்தயம் என்றதும் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆகவே பந்தயத்துக்காக வருகிறேன், உங்களுக்காக அல்ல.

திரும்பி வந்ததும் சரி, இல்லை, இரண்டில் ஒன்று எழுதுவேன். அதற்கு மேல் கெஞ்சக் கூடாது.

இசக்கிசெல்வி


கோவில்பட்டி,
6.5.2026

அன்புள்ள செல்விக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். என் முழங்கால் இன்னும் மடங்க மறுக்கிறது. வெள்ளிக்கிழமை நீயும் அம்மாவும் கதை பேசிக்கொண்டே பொத்தை ஏற, நான் பேச்சும் வராமல் மூச்சும் வராமல் பின்னால் வந்ததை நினைத்துத் தாராளமாகச் சிரித்துக்கொள்.

அம்மாதான் வெளியே தலைகாட்டாமல் இருக்கிறார்கள். பந்தயத்தில் நீ முதல் ஆளாக இறங்கி வந்த சந்தோஷத்தில், ஆடுகளை வீடு திருப்பக் கொடுக்கிற சத்தத்தை வாய்தவறிக் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றா செய்தார்கள்? பழக்கம். மறுசரிவில் மாமா மேய்த்துக்கொண்டிருந்த ஆடு அத்தனையும் பாதையில் இறங்கி, உன் காலுக்குள்ளும் மற்ற பிள்ளைகளின் காலுக்குள்ளும் புகுந்துவிட்டன. பந்தய முடிவில் கட்டியிருந்த நாடாவை அறுத்தது கொம்பு ஒடிந்த கிடா. பரிசை யாருக்குக் கொடுப்பதென்று மன்றத்தில் இன்னும் தீரவில்லையாம்.

உன் முகம் வாடியதைப் பார்த்தேன். ஞாயிறு வள்ளத்திலும் நீ பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாய். உன் பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கெஞ்ச மாட்டேன். அம்மா மேல் மட்டும் வருத்தம் வைக்காதே. கம்பு மாவுப் பார்சல் எப்போதும்போல வரும்.

அன்புடன்,
பூவனலிங்கம்


கோயம்புத்தூர்,
14.5.2026

அன்புள்ள சாருக்கு,

வருத்தம் இருந்தது. ஒரு கிடாவிடம் தோற்றவள் வேறு எப்படி இருப்பாள்? அலுவலகத்தில் சொன்னேன், மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்கு எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டும் போனில் படம் எடுத்துக்கொண்டும் இருந்தபோது, நீங்கள் மட்டும் நாடாப் பக்கம் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அம்மா ஓடி வந்ததும், "தேவி, அறுபத்துமூணுதான் வந்திருக்கு. நெத்தியில வெள்ளை விழுந்த குட்டியக் காணல" என்றீர்கள். சொல்லிவிட்டு அந்த முழங்காலோடு நீங்களே மறுபடி பொத்தை ஏறினீர்கள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தபோது காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. ஆடுகளை எண்ணி முடிக்காமல் அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அது எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வள்ளத்தில் நான் பேசாமல் இருந்தது வேறு விஷயம். பாய் காற்றை வாங்கியதும் அம்மா பயந்துபோய் உங்கள் கையைப் பிடித்தாள். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, கடல் தண்ணீரை அள்ளி உங்கள் மேல் தெளித்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். ஒன்பது வருஷமாக என்னை ஒரு நிமிஷம்கூட மறக்காதவள், அந்த அரைமணி நேரம் நான் பின்னால் இருப்பதையே மறந்துவிட்டாள். முதலில் எனக்கு நெஞ்சு வலித்தது. கொஞ்ச நேரத்தில், கரை இப்போதைக்கு வராமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

உங்களை அப்பா என்று கூப்பிட எனக்கு வராது. சார்தான். வீட்டில் அப்பாவின் படம் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

பதிவு அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். சாட்சிக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
செல்வி