படிக்கட்டில் நிற்பவளைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரரின் இளைய மகள்,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
கிளை நூலகத்தின் இளையோர் பிரிவு உறுப்பினர்.

பெறுநர்:
உயர்திரு நூலக அலுவலர் அவர்கள்,
நகர நூலக அலுவலகம்.

பொருள்: இளையோர் பிரிவிலிருந்து நீக்கப்பட்ட 'படிக்கட்டில் நிற்பவள்' என்னும் நாவலை, பழைய தாளாக எடைக்குப் போடப்படும் முன் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 'இளைய வாசகர் விருப்பம்' கணக்கெடுப்பின் முடிவு குறித்துத் தங்கள் அலுவலகம் நூலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதும் முறையை எங்கள் தமிழாசிரியை தேர்வுக்காகக் கற்றுத் தந்தார். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று இல்லாத தெருக்களுக்காக நிறைய எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உண்மையான குறைக்காக எழுதுவது இதுவே முதல் முறை. எங்கேனும் பணிவு குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் குறையும்.

1. பள்ளி விடுமுறைக்கு முன்பு தங்கள் அலுவலகம் எங்கள் பிரிவில் ஒரு படிவத்தை விநியோகித்தது. இளையோர் கதைகளில் எது கூடுதலாக வேண்டும், எது குறைய வேண்டும் என்று அதில் கேட்டிருந்தீர்கள். எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டில்கூட என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு இருப்பதைத்தான் தட்டில் போடுவார்கள். ஆகவே நீங்கள் கேட்டதை நம்பி, மண்டையை உடைத்துக்கொண்டு நிரப்பினோம். பேனாவுக்காக ஒரு சிறு சண்டையும் நடந்தது.

2. படிவத்தில் காதல், நட்பு, விளையாட்டு, சாகசம், மரணம், பேய் என்று கட்டங்கள் மட்டுமே இருந்தன. எங்களுக்கு அவை போதவில்லை. எனவே பலரும் ஓரத்தில் எழுதினோம். என் வகுப்புத் தோழி, தடித்த கண்ணாடி அணிவதால் சோடாபுட்டி என்று அழைக்கப்படுபவள், பின்வருமாறு எழுதினாள்: "ஒரு பொண்ணு பின்னாடி ரெண்டு பசங்க சுத்துற கதை போதும். எங்க பின்னாடி ஒருத்தனும் சுத்தல. எங்களுக்கும் ஏதாவது எழுதுங்க." மெக்கானிக்கின் மகன் எழுதியது: "கதையில வர்ற அப்பா ஒண்ணு செத்துப்போயிருப்பாரு, இல்லன்னா குடிப்பாரு. சும்மா வேலைக்குப் போயிட்டு வந்து அலுத்துப்போய் உக்கார்ற அப்பா ஒருத்தராவது வரட்டும்." குளியலறைக்காக அடித்துக்கொள்ளும் உடன்பிறப்புகள் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தான் அழகி என்பதே தெரியாத கதாநாயகிக்கு யாராவது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கவும் என்று இன்னொருவர் கேட்டார். இவையெல்லாம் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. ஒருமுறை எடுத்துப் படித்தால் தங்களுக்கும் சிரிப்பு வரும்.

3. நான் எழுதியது இரண்டே வரி. 'குறைய வேண்டும்' என்பதன் கீழ், வீட்டில் ஒருவர் செத்ததும் மிச்சமிருப்பவருக்கு ஞானம் வரும் கதைகள் என்று எழுதினேன். அக்கதைகளில் சாவு எப்போதும் மழைநாளில் வரும். சாகிறவர் சட்டம் போட்டு மாட்டிவைக்கும்படி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த அத்தியாயத்தில் மிச்சமிருப்பவர் தலைமுடியை வெட்டிக்கொண்டு, வாழ்க்கையைப் புரிந்துகொண்டு, முடிந்தால் காதலிக்கவும் தொடங்கிவிடுவார்.

இதை நான் போகிறபோக்கில் எழுதவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவளான என் அக்கா சென்ற ஆண்டின் கடைசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்று நல்ல வெயில். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "அந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணுடி, குளிருது." இதை எந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் போட மாட்டார்கள். எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை. கணக்கில் முன்பைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறேன்.

'கூடுதலாக வேண்டும்' என்பதன் கீழ், செத்த பிறகும் போகாதவர்கள் என்று எழுதினேன். காரணம், அவர்கள் போவதில்லை. அக்காவின் கைபேசியைத் திறக்கும் எண் எங்கள் யாருக்கும் தெரியாது. பரீட்சைக்குப் படிப்பதற்காக அதில் அவள் வைத்த அலாரம் மட்டும் தினமும் விடியற்காலையில் அடிக்கிறது. சார்ஜ் போடாமல் விட்டால் தானாக நின்றுவிடும். என் அப்பா தன் கைபேசிக்குச் சார்ஜ் போட மறப்பார், அதற்கு மறப்பதில்லை.

4. இதன் பின்னர் நடந்ததே என் முறையீடு. ஓரத்தில் எழுதியவற்றைச் சேர்க்கத் தங்கள் கணினியில் இடமில்லாததால், ஒவ்வொன்றையும் அதற்கு நெருக்கமான கட்டத்தில் போட்டுவிட்டதாக எங்கள் கிளை நூலகர் அம்மையார் தெரிவித்தார். அதன்படி என் முதல் வரி 'மரணம் – குறைய வேண்டும்' என்பதில் சேர்ந்தது. இரண்டாவது வரி எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாததால் விடப்பட்டது. சில வாரங்களில் அறிவிப்பு வந்தது. "இளைய வாசகர்களின் விருப்பத்திற்கிணங்க, மரணம், துயரம், ஆவி ஆகியவை இடம்பெறும் நூல்கள் நீக்கப்படுகின்றன" என்று அதில் இருந்தது. அந்த இளைய வாசகர்களில் நானும் ஒருத்தி என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். நான் ஒன்று கேட்டேன், என் பெயரைச் சொல்லியே அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

5. நீக்கப்பட்டவற்றுள் 'படிக்கட்டில் நிற்பவள்' ஒன்று. இதைப் பற்றி விளக்க எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியுள்ளது. கீழே கடை, மேலே வீடு. அப்பா துணி வாங்கப் போவார், கொடுக்கப் போவார். அம்மா ஜன்னலோரம் நின்று இஸ்திரி போடுவார். பள்ளிவிட்டு வந்ததும் அக்காவும் நானும் துணி மடிக்க வேண்டும். அக்கா மடித்த சட்டையில் காலர் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. எனவே நான் மடிப்பது, அவள் புத்தகம் படித்துக் காட்டுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தேய்த்துக்கொண்டிருப்பார். எதையும் கேட்பதாகத் தெரியாது.

அந்த நாவலின் கதை எளியது. ஒரு குடும்பம் வாடகை வீட்டுக்குக் குடிவருகிறது. அந்த வீட்டின் படிக்கட்டில் இறந்துபோன பெண் ஒருத்தி நிற்கிறாள். குடிவந்த வீட்டின் மகள் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிகிறாள். அக்கா படிக்கக் கேட்டபோது அந்தப் படிக்கட்டுப் பெண் சரியான வாயாடி. "வாடகை குடுக்குறது நீங்க, கால் கடுக்க நிக்கிறது நானா?" என்பாள். "புதுசா வர்றவங்களாவது படியத் துடைப்பாங்கன்னு பாத்தேன், நீங்களும் அதே கோஷ்டிதானா?" என்பாள். வீட்டுக்காரர் வந்தால் அவர் காதோரம் நின்று கேலி பேசுவாள். நான் சிரித்துச் சிரித்து மடித்த துணியைக் கலைத்துவிட்டு மறுபடி மடிப்பேன். கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கையில் தவணை முடிந்துவிட்டதால் அப்பா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

6. தங்கள் படிவத்தை நிரப்பிய அன்றே நான் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படிக்கட்டுப் பெண் வந்தாள். பேசவில்லை. சரி, அடுத்த அத்தியாயத்தில் பேசுவாள் என்று பார்த்தேன். அதிலும் இல்லை. இது வேறு பதிப்போ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் துணிக்குத் தெளிக்கும் தண்ணீர் பட்டுச் சுருங்கிய பக்கங்கள் அப்படியே இருந்தன. அதே பிரதிதான்.

ஐயா, அந்த நாவலில் அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. "அவள் நின்றாள்" என்று இருக்கிறது. "அவள் பார்த்தாள்" என்று இருக்கிறது. அவ்வளவுதான். நான் கேட்ட பேச்சு முழுவதும் அக்கா தானாகச் சேர்த்தது. எனக்குப் பேய்க்கதை பயம் என்பதால் சேர்த்தாளா, எழுதியவரைவிடத் தனக்கு நன்றாக வரும் என்ற திமிரில் சேர்த்தாளா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. முதலில் பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை.

7. அக்கா பேசியது முழுவதும் எனக்குத் தானாக நினைவு வருவதில்லை. இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் யோசித்தால் மறந்துபோகிறது. ஆனால் புத்தகத்தில் "அவள் நின்றாள்" என்ற இடம் வந்ததும் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. குரல்கூட அதேதான், சளி பிடித்த மாதிரி. இதற்குப் பெயர் பேய் என்றால் தாராளமாக அந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பழையபடி கடையில் உரக்கப் படிக்கத் தொடங்கினேன், படிக்கட்டுப் பெண்ணின் பேச்சையும் சேர்த்து. அக்கா போன பிறகு அம்மா வேலை சம்பந்தமாக மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். தண்ணி எடு, அந்தச் சட்டையக் குடு, அவ்வளவுதான். நான் படித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் இஸ்திரிப் பெட்டி நின்றது. அம்மா திரும்பாமலே சொன்னார்: "அங்க அவ அப்படிச் சொல்லல. 'உங்க வீட்டு ஆளுங்களுக்குக் கதவச் சாத்தவே தெரியாதா, எனக்குச் சளி பிடிக்குது'ன்னு சொன்னா." சொன்னபோது அம்மாவின் குரல் அக்காவுடையதாக இருந்தது. அது அக்கா சொன்ன வரிதானா என்று நான் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அம்மா இத்தனை நாளும் முதுகால் கேட்டிருக்கிறார், என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து நான் மறந்ததை அம்மாவும், அம்மா மறந்ததை நானும் சொல்லிச் சொல்லி, பாதிப் புத்தகம் வரை வந்தோம். ஒரு வெள்ளைச் சட்டை தீய்ந்துபோனது. அப்பா அதற்குப் பதில் வாடிக்கையாளருக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவரும் துணி கொடுக்கப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தார்.

8. தவணை முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளப் புத்தகத்தை நூலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அன்றுதான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நூலகர் அம்மையார் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "மேலேருந்து உத்தரவும்மா. என் கையில இருந்தா குடுக்க மாட்டேனா?" என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நீக்கப்பட்டவை பின்னறையில் சாக்கில் கட்டி வைக்கப்பட்டுள்ளன. மாதக் கடைசியில் எடைக்குப் போகின்றன.

9. புத்தகம் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. நானாகச் சில வரிகளை இட்டுக்கட்டினேன். அம்மா உடனே கண்டுபிடித்து, "இது நீ," என்றார். அதோடு விட்டுவிட்டேன். இப்போது கடையில் இஸ்திரிப் பெட்டி உஸ் என்று ஆவி விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. மாலையில் நான் மடிக்க உட்கார்ந்ததும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இன்னிக்கும் அவ வரலையா?" என்று கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று நான் விளக்கம் கேட்பதில்லை. இல்லை என்று மட்டும் சொல்கிறேன். இதைத் தினமும் சொல்ல என்னால் முடியவில்லை, ஐயா.

10. எனவே தாங்கள் அருள்கூர்ந்து அந்தச் சாக்கைப் பிரிக்கச் செய்து, மேற்படி நாவலை எடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் வைக்க விதி இடம் தராது எனில் எடைக்குப் போடும் விலைக்கே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். மற்ற புத்தகங்களையும் அனுப்பும் முன் படிவங்களின் ஓரங்களை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். எங்களுக்குச் சாவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாவை வைத்துப் பாடம் நடத்த வேண்டாம் என்றுதான் சொன்னோம்.

தவணைக்குள் முடித்துவிடுவாயா என்று தாங்கள் கேட்கலாம். முடிக்க மாட்டோம். கடைசி அத்தியாயத்தை அக்கா எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. அதில் அந்தப் பெண் நிற்கும் இடங்களில் என்ன பேசுவாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அங்கே அவள் நிஜமாகவே பேசாமல் நிற்பாள். ஆகவே அதற்கு முந்தைய பக்கத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போவது என்று அம்மாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். எத்தனை முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

சாக்கு போகும் முன் ஒரு பதிலை எதிர்பார்த்து,

இளையோர் பிரிவு வாசகி
(ஒப்பம்)

இடம்: சலவைக் கடை, மடிக்கும் மேசை
நாள்: மாதக் கடைசிக்கு முந்தைய திங்கள்

இணைப்பு: அக்காவின் நூலக உறுப்பினர் அட்டை. அது இன்னும் காலாவதியாகவில்லை. புத்தகத்தை அவள் பெயரிலேயே எழுதித் தரும்படி அம்மா சொல்லச் சொன்னார்.