மேனேஜருக்கு முடி கொட்டுகிறது

பிப்ரவரி 4, செவ்வாய்

மேனேஜருக்கு முடி கொட்டுகிறது. காலையில் கூண்டில் தண்ணீர் மாற்றும்போதுதான் பார்த்தேன். வலது தொடைக்கு மேலே ஒரு நாணய அளவுக்கு வெறும் தோல், ரோஸ் நிறத்தில். கீழே மரத்தூளில் பழுப்பு முடி கொத்துக் கொத்தாக.

ஒரு ஹாம்ஸ்டர் எலிக்கு எவராவது இந்தப் பெயர் வைப்பார்களா? என் மனைவி வைத்தாள். "பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா சக்கரத்துல ஓட்டம், நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகர்றதில்ல. அப்படியே உங்க மேனேஜர்." என் மேனேஜரை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். கரெக்டாகத்தான் சொன்னாள்.

போன வருஷம் இதே மாதம் குளியலறைச் சல்லடையிலிருந்து அவள் முடியைத் தினமும் நான்தான் எடுத்துப் போட்டேன், மகள் குட்டியின் கண்ணில் படக்கூடாது என்று. இன்றைக்கும் அதையேதான் செய்தேன். கொத்துகளைக் காகிதத்தில் சுருட்டிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வரை அது பையிலேயே இருந்தது. தூக்கி எறிய மனசு வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

குட்டி எனக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, முடி திரும்ப வளருமா?"

அதே கேள்வி. அதே குரல். போன வருஷம் "வளரும்டா, முன்னைவிட அடர்த்தியா வளரும், பாரேன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்றைக்கு "டாக்டர்கிட்ட கேக்கலாம்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். பத்து வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பார்வை எதுக்கு?

பிப்ரவரி 9, ஞாயிறு

மச்சினி வந்திருந்தாள். அக்காவை அப்படியே உரித்து வைத்த மாதிரி சிரிப்பு. அதனாலேயே அவள் வந்தால் நான் சமையலறையில் ஏதாவது வேலை தேடிக்கொள்வேன்.

கூண்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அத்தான், இதைப் பாக்கவே எனக்கு என்னமோ பண்ணுது. யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

குட்டி எழுந்து கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "யாருக்கும் குடுக்கக் கூடாது. யாரும் தொடவும் வேண்டாம்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும்தாம்பா. இனிமே நானே பாத்துக்கறேன்."

அம்மா வாங்கித் தந்தது இல்லையா, அதான் அந்தப் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

மச்சினி போகும்போது வாசலில் நின்று, "ஜன்னலையாவது திறந்து வைங்க அத்தான்" என்றாள். எதுக்குச் சொன்னாளோ. வீடு பளிச்சென்றுதானே இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

இடது பக்கமும்.

பிப்ரவரி 15, சனி

மிருக டாக்டரிடம் போனோம். பக்கத்தில் கன்றுக்குட்டி சைஸில் ஒரு நாயோடு ஒருவர். "எலிக்கெல்லாமா டாக்டர் பாக்கறாங்க?" என்றார். "எலி இல்லை சார், மேனேஜர்" என்றேன். குட்டி சிரிக்கவில்லை.

டாக்டரம்மா தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை. சக்கரத்தில் உரசிய தடமும் இல்லை. "காரணம் தெரியலைங்க" என்றார்.

எங்கள் வேலையில் அந்த வார்த்தையே கிடையாது. லிஃப்ட் நடு மாடியில் நின்றால் ரிப்போர்ட்டில் 'காரணம்' கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. விட்டால் சூப்பர்வைசர் காகிதத்தை மூஞ்சியில் எறிவார். ஒன்றும் புரியாவிட்டால் 'தூசி' என்று எழுதிவிடுவோம். ஊரில் பாதி லிஃப்ட் தூசியால்தான் நிற்கிறது.

அவளைப் பார்த்த பெரிய டாக்டரும், இது ஏன் வருகிறது என்று சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

பிறகு டாக்டரம்மா பெட்டிக்குள் குனிந்து முகர்ந்தார். "இது என்ன ஆஸ்பத்திரி வாசனை? கூண்டை எதால துடைக்கிறீங்க?" நானும் முகர்ந்தேன். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அவளுக்குக் கீமோ மருந்து ஏற ஆரம்பித்தபோது நர்ஸ் சொன்னார் — உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்காது, கதவுப் பிடி, சுவிட்ச், மேஜை எல்லாவற்றையும் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள் என்று. துடைத்தேன். அவள் போய் ஏழு மாசம். இன்னும் தினமும் காலையில் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கூண்டுக் கம்பி உட்பட. யாருக்காக? கடவுளே, யாருக்காக? மச்சினி ஜன்னலைத் திறக்கச் சொன்னது இதனால்தான். வீடே ஆஸ்பத்திரியாக நாறுகிறது, உள்ளேயே இருக்கிற எங்களுக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் காரணம் நான்தான். பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டேன். "இனிமே வெந்நீர் மட்டும்தான்மா" என்று குட்டியிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் கை தானாக அந்தத் துணியைத் தேடுகிறது. துடைக்காமல் வேலைக்குக் கிளம்பினால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

நிற்கவில்லை. முதுகு பூராவும் போய்விட்டது. காதைச் சுற்றி மட்டும் கொஞ்சம். வயிற்றுத் தோல் சிவந்து கிடக்கிறது. இரண்டு நாளாகச் சக்கரத்தில் ஏறவில்லை. மூலையில் சுருண்டு உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. பின்கழுத்தில் அந்த ரோஸ் நிறம், மடிப்பு… அவளுக்கு மொட்டை போட்டுவிட்டதும் நான்தானே. பால்கனியில் உட்காரவைத்து என் ஷேவிங் மெஷினால். பின்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு தரை நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சிரித்தாள்.

கூண்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பிறகு எடுத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். எலிக்காக இல்லை. இது செத்துப்போனால் குட்டியிடம் என்ன சொல்வேன்? நான் எதைச் சொன்னாலும் இனி அவள் நம்புவாளா?

பிப்ரவரி 27, வியாழன்

வேலை சீக்கிரம் முடிந்து நாலு மணிக்கே வந்துவிட்டேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. குட்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. இடது கையில் மேனேஜர். வலது கையில் பஞ்சு. பக்கத்தில் அந்தப் பாட்டில். குப்பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். தண்ணீர்கூடக் கலக்காமல் அப்படியே அதன் உடம்பில் —

கத்தினேன். "என்னடி பண்றே? அறிவிருக்கா உனக்கு? அது செத்துடும்டி!"

அவள் அழவில்லை. பஞ்சைக் கீழே வைத்தாள். "கிருமி போகவே மாட்டேங்குதுப்பா."

என்ன கிருமி?

"அன்னிக்கு இதோட விளையாடிட்டுக் கை கழுவாமப் போய் அம்மா பக்கத்துல படுத்துட்டேன். மறுநாள்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனே. அம்மா வரவே இல்லை." முதலில் கூண்டை மட்டும்தான் துடைத்தாளாம். போன மாசம் எனக்கு இருமல் வந்தபோது பயந்துபோய் மேனேஜரையும் துடைக்க ஆரம்பித்தாளாம். "உனக்கும் வந்துடும்ல. வேற யாருக்காச்சும் குடுத்தா அவங்களுக்கு வந்துடும்."

அன்றைக்கு 'யாரும் தொடவும் வேண்டாம், நீயும்தாம்பா' என்றது இதனால்தான்.

ஏழு மாசமாக என் பிள்ளை அம்மாவைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள். காலையில் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள், வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், எனக்கு டாட்டா காட்டியிருக்கிறாள். நான் ஒரு மண்ணும் தெரியாமல் ஊர் லிஃப்டை எல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெந்நீரில் கழுவித் துணியில் சுற்றி டாக்டரம்மாவிடம் ஓடினோம். குட்டி தானே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. "தோல் வெந்திருக்கு. களிம்பு போடுவோம். பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். நாள் பூராவும் ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் எல்லாம் கோணல் மாணலாகத்தான் வந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு மூன்று வாரம் முன்னாலேயே பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு அப்புறமும் சரியாயிடும் சரியாயிடும் என்று உன்னிடம் நான் சொன்னது பொய் என்றேன். "காய்ச்சல் எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. ஆனா அது வராட்டியும் அம்மா போயிருப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சித்திக்கு?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

ஆமாம் என்றேன். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்த மூன்று வாரத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 1, சனி

பேசவில்லை.

மார்ச் 3, திங்கள்

பேசவில்லை. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. மேனேஜர் ஒரு சூரியகாந்தி விதை சாப்பிட்டது.

மார்ச் 5, புதன்

"உன் மேல கோவமா இருக்கேன்" என்றாள். அஞ்சு நாளில் முதல் பேச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பைத்தியம்தான் பிடித்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் குட்டியே கூப்பிட்டாள், களிம்பு போட. அவள் பிடித்துக்கொள்ள நான் தடவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் முதுகில் பூனைமுடி மாதிரி மெல்லிசாக ஏதோ தெரிந்தது.

"வளருதாப்பா?"

"தெரியலைம்மா. டாக்டரம்மாவுக்கும் இன்னும் தெரியலை."

சரி என்று தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள்.

"என்னது?"

"நான் கை கழுவலைன்னு. கையைப் பிடிச்சு மோந்து பாத்தா. 'நாறுது கழுதை'ன்னா. நான் கழுவிட்டு வரேன்னு எந்திரிச்சேன். விடலை. போர்வையைத் தூக்கி, 'பரவால்ல, உள்ளே வா'ன்னா."

களிம்பு காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.