இத்தாலிக்காரர் விட்டுப்போன ஆறு கேசட்

ஆம்பூர்
20.1.2002

முத்துமாரிக்கு,

ஜெயசீலி எழுதுவது. நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

நம் கேசட்டுகளைப் போகியன்று கொளுத்திவிட்டாயாமே? யாரைக் கேட்டுக் கொளுத்தினாய்? எண்பத்தாறில் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர், ஊருக்குப் போகும்போது நம் இருவருக்கும் கொடுத்த ஆறு பேய்ப்படம். என் வீடு ஒழுகுகிறது என்றுதானே உன்னிடம் வைத்தேன்?

என் பேத்தி அக்சா வேலூர் பாகாயத்தில் நர்சிங் படிக்கிறாள். ஏதோ புதுப் பேய்ப்படம் பார்த்துவிட்டு விளக்கணைக்காமல் தூங்குகிறாள். "போடி, நாங்க பாக்காத ரத்தமா? எல்லாம் பெயிண்ட்டு. தோல் கம்பெனிக்காரிய ஏமாத்த முடியுமா?" என்று பெருமை பேசினேன். பொங்கல் லீவுக்குத் தோழிகள் நாலு பேரோடு வந்தாள். சர்தார் பாஷா கடையில் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தாயிற்று. கேசட் வாங்க உன் வீட்டுக்கு வந்தவள் வெறுங்கையோடு திரும்பினாள். நாலு பெண்கள் முன்னால் நான் புளுகியாகிவிட்டேன்.

எல்லாம் மறந்துபோச்சா மாரி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் வயிறு வலிக்கச் சிரிப்போமே. படத்தில் அவர்கள் பேச்சு புரியாது, நாமே தமிழில் பேசுவோம். மெழுகுவர்த்தியோடு நைட்டியில் ஓடுகிறவளுக்கு உன் குரல். கத்தி பிடித்தவன் எவனானாலும் நம் மேஸ்திரி அருணகிரிதான். அவனுக்கு என் குரல். தலை உருளும்போது கழுத்துக்குள் கம்பி தெரியும். "அய்யோ, தையல் பிரிஞ்சிடுச்சி, ரிஜெக்ட்டு!" என்பாய். அதையெல்லாம் நெருப்பில் போட உனக்கு எப்படிக் கை வந்தது?

நான் அஞ்சாவது வரை படித்தவள், கடிதத்துக்கு ஆள் தேடமாட்டேன். நீ யாரையாவது பிடித்தாவது பதில் போடு. காரணம் சொல்லாவிட்டால் இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை.

ஜெயசீலி


குடியாத்தம்
2.2.2002

ஜெயசீலி அக்காவுக்கு,

முத்துமாரி சொல்ல, என் மகன் இன்பராஜ் எழுதுகிறான். இடது கை எழுத்து. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாலாவது கேசட் ஞாபகம் இருக்கிறதா? ஒருவன் கை துண்டாக விழும். அவன் கத்துவான். நீ மேஸ்திரி குரலில், "இன்னாடா கத்தறே? இன்னொரு கை இருக்குதுல்ல, வேலயப் பாரு!" என்பாய். அதற்குத்தான் ஜாஸ்தி சிரிப்போம். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம்.

தொண்ணூற்று நாலில் இன்பராஜின் வலது கை கம்பெனி ரோலரில் போனது. நீ மூன்று நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாய். அதை மறக்கவில்லை. நீ போனபிறகு அருணகிரி வந்தார். கட்டிலோரம் நின்று, "அழுவாதடா, இன்னொரு கை இருக்குதுல்ல" என்றார். அசைந்தது அவர் வாய். எனக்குக் கேட்டது உன் குரல்.

எட்டு வருஷம் பரணில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் கோபம் இருக்கிறது அக்கா. உன்மேல் கொஞ்சம். கூடச் சிரித்த என்மேல் ஜாஸ்தி.

அஞ்சைத்தான் கொளுத்தினேன். நாலாவது இங்கேயே இருக்கிறது. அது உன் கையால் போகட்டும்.

முத்துமாரி


ஆம்பூர்
11.2.2002

மாரி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அந்த வசனம் நானாகக் கட்டியதில்லை. எழுபத்தொன்பதில் கம்பெனியில் என்னோடு வேலை செய்த காசிக்கு மெஷினில் விரல் போனபோது, "இன்னும் ஒம்போது இருக்குதுல்ல" என்றார் அருணகிரி. நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அந்த ஆத்திரத்தைத்தான் டிவி முன்னால் உட்கார்ந்து காட்டினேன். அது உன் பிள்ளைமேல் வந்து விழும் என்று நினைக்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்கே போனேன். பேரப்பிள்ளைகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா ஜெயசீலி" என்றார். அவர் குரலிலேயே, "இன்னாடா கத்தறே? இன்னொரு கை இருக்குதுல்ல!" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இது உங்க பேச்சு மேஸ்திரி. இத்தன வருசம் நான் வச்சிருந்தேன். இந்தாங்க, நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்துமூன்று வருஷம் தாமதம்தான்.

ஞாயிறு மத்தியானம் வருகிறேன். தீப்பெட்டி நான் கொண்டுவருகிறேன். கறிக்குழம்பு வைத்தால் வை, வைக்காவிட்டாலும் வருவேன்.

இதைப் படித்துக் காட்டும் இன்பராஜுக்கு: உன் எழுத்து கோணலாக இல்லை. மன்னிப்பை நேரில் உன்னிடம் கேட்கிறேன்.

ஜெயசீலி