தேதி குறித்தவர்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

வரப்போகிற ஆண்டவர் உன்னைக் காப்பாராக. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். காகிதத்தில் இரண்டும் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

என் குடலில் கட்டி இருக்கிறதாம். ஆரம்பக் கட்டம்தான், அறுத்து எடுத்துவிடலாம், மார்ச் பதினெட்டாம் தேதி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும். "பயப்படாதீங்க ஐயா" என்றார். "முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தவன்மா நான். டிரைவருங்கதான் என்னைப் பார்த்துப் பயப்படுவாங்க" என்றேன். சிரித்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றதும் சிரிப்பு போய்விட்டது. ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். லேபில் வேலை பார்க்கிறவள், நீயே படித்துக்கொள்.

சபையில் எனக்கு இப்போது கடைசி பெஞ்ச். போதகர் கை குலுக்குகிறார். ஆனால் இரண்டு வருஷமாக ஆண்டவரின் வருகையைப் பற்றி ஒரு பிரசங்கம் இல்லை. பிள்ளை வளர்ப்பு, குடும்ப சமாதானம், இவ்வளவுதான். "என்ன டைம்கீப்பர், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று வாசலில் நின்று கேலி செய்கிறார்கள். வண்டி தாமதமானால் வண்டியே இல்லை என்று ஆகிவிடுமா? இது யாருக்கும் புரியவில்லை. உனக்கும்தான்.

அப்பா

பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். டாக்டரம்மா சொன்னது சரி. இப்போது எடுத்தால் பிழைப்பீர்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். ஜூன் ஒன்பது. ஆண்டவர் வருகிற நாள் என்று நீங்கள் வேதத்தைக் கூட்டிக் கழித்துக் குறித்த தேதி ஜூன் முப்பது. "மூணு வாரத்துல மகிமையான சரீரமே கிடைக்கப் போகுது, அதுக்குள்ள எதுக்குடி கத்தி?" என்றீர்கள். அம்மா சரி என்றாள். முப்பதாம் தேதி இருவரும் வெள்ளை உடுத்திக்கொண்டு முன்னறையில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் வரவில்லை, சபையார்கூட. அதன்பிறகு கணக்கில் எங்கே பிசகு என்று தேடினீர்கள். நீங்கள் தேடி முடிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் அம்மாவை அடக்கம் செய்தோம்.

தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கல்லறையிலேயே கேட்டேன். இன்னும் நீங்கள் சொல்லவில்லை. போகட்டும், அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன்: எதற்காக வேண்டாம் என்கிறீர்கள்? மறுபடி தேதி குறித்திருக்கிறீர்களா?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் பதினாறாம் தேதி வருகிறேன்.

உங்கள் மகள்

பிப்ரவரி 21

அன்பு மகளுக்கு,

தேதி எதுவும் இல்லை. கணக்கு நோட்டைக் கிழித்துப் போட்டு வெகுநாளாகிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

காரணம் கேட்டாய். உன் அம்மா ஒன்றும் என் அடிமை இல்லை. நான் இழுத்துப் பிடித்து உட்கார வைக்கவில்லை. நம்பினாள், அதனால் காத்திருந்தாள். தேதி பிசகிய பிறகும் ஒரு குறை சொல்லாமல் போனாள். ஊரே என்னைப் பைத்தியம் என்றபோது என்னோடு சேர்ந்து நம்பிய ஒரே ஆத்துமா. அந்த நினைப்பில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவள் வேண்டாம் என்ற கத்தி எனக்கு மட்டும் வேண்டுமா? அவள் போன வழியில் நானும் போகிறேன். எக்காளம் தொனிக்கும் காலையில் இருவரும் கல்லறையிலிருந்து ஒன்றாக எழுந்திருப்போம்.

நீ வீணாக லீவைச் செலவழிக்காதே.

அப்பா

மார்ச் 2

அப்பாவுக்கு,

இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறுகிறேன். என் மேல் கோபப்படுங்கள், அம்மா மேல் வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் போகச் சொல்லி ஜூன் ஏழாம் தேதி அம்மாவிடம் போனில் சண்டை போட்டேன். "நீயும் அந்தத் தேதியை நம்புறியாம்மா?" என்று கேட்டேன். அம்மா சொன்னது அப்படியே எழுதுகிறேன்: "ஆண்டவர் வருவார்டி. ஆனா உங்கப்பா சொல்ற நாள்ல வரமாட்டார். அன்னைக்கு ஊரே சிரிக்கும். நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தா மனுஷன் ஒத்தையா உட்கார்ந்திருப்பாரே. அது முடியட்டும், ஜூலையில பார்த்துக்கலாம்."

ஜூலையில் நீங்கள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். உங்களைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் அப்பா. அம்மா உங்கள் தேதிக்காகக் காத்திருக்கவில்லை. உங்களுக்காகக் காத்திருந்தாள். அவள் போன வழி என்று சொல்லிக்கொண்டு சாகாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 10

மகளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. பொய் என்று பதில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். மறுநாள் சமையலுக்குப் பாத்திரத்தில் பயறு ஊறிக்கொண்டிருந்தது. என் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். உலகம் முடியப்போகிற நாளில் இவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ணினேன். பழக்கதோஷத்தில் செய்துவிட்டாள் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "முதுகு வலிச்சா என் தோள்ல சாஞ்சுக்கோங்க" என்றாள். வலிக்கவில்லை என்றேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ ஜெயித்ததாக நினைக்காதே. டாக்டரம்மாவும் ஏதோ தான் பேசி மனதை மாற்றியதாக நினைத்துக்கொண்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நீ கேட்ட வார்த்தையை உன்னிடம் சொல்ல மாட்டேன். அது உனக்கு உரியது இல்லை. முதலில் கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன், அதில் எள்ளளவும் மாற்றம் இல்லை. அவள் எழுந்து வருவாள், என்னைப் பார்ப்பாள். வந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

நாற்பது வருஷமாக, சீக்கிரம் வாரும் என்று ஜெபித்தவன். இப்போது முழங்கால் போட்டால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து வாரும் ஆண்டவரே, அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கத்திக்குச் சம்மதித்ததும் அந்தத் தைரியம் வரக் கொஞ்ச நாள் வேண்டும் என்றுதான்.

பதினாறாம் தேதியே வார்டில் சேரச் சொல்லிவிட்டார்கள். வீடு பூட்டியிருக்கும். நேராக ஆஸ்பத்திரிக்கு வா. வந்து ஒன்றும் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

அப்பா